டிரையரில் வெப்பநிலை சென்சார் பிழைக் குறியீடு: போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: கடற்கரைவாசி (திருவான்மியூர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் வகையைச் சேர்ந்த ஏழு கிலோ டிரையர். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. ஆண்டின் பெரும்பகுதிக்கு மொட்டை மாடிக் கொடியே போதும் என்பதால் அதை நாங்கள் தொடுவதே இல்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் மட்டும், பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளுக்காக அது நாள்தோறும் ஓடியாக வேண்டும்.

இந்த மழைக்காலத்தில் ஓட்டத் தொடங்கியதிலிருந்தே தொல்லை. டிரம் சுழல்கிறது, சூடும் வருகிறது. ஆனால் பத்துப் பதினைந்து நிமிடங்களில் ஒலியெழுப்பி நின்றுவிடுகிறது. அப்போது திரையில் தோன்றும் குறியீட்டுக்கு நேரே கையேட்டில் ‘வெப்பநிலை சென்சார் கோளாறு, சேவை மையத்தை அணுகவும்’ என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சற்று நேரம் கழித்துப் போட்டால் குறியீடு மறைகிறது, ஆனால் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் திரும்பி வருகிறது. போதாக்குறைக்கு, கதவை நன்றாகச் சாத்தியிருக்கும்போதே அது திறந்திருப்பதாகச் சொல்லும் வேறொரு குறியீடும் இடையிடையே தலைகாட்டுகிறது.

வந்து பார்த்த பணியாளர் பின்பக்க மூடியைக்கூடக் கழற்றாமல், இரண்டு குறியீடுகள் வருவதால் இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் போர்டுதான் போய்விட்டது என்று சொல்லி ஒரு தொகையைக் குறிப்பிட்டார். புதிய இயந்திரத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும் தொகை அது. நிறுவனத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று என்பதால் பெயரை எழுதவில்லை. பணத்தைக் கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா? மல்டிமீட்டர் இருக்கிறது, மின்வேலை தெரிந்த தம்பியும் உடன் இருக்கிறான்.


மறுமொழி: பழுதுப்பட்டறை (வில்லிவாக்கம்)

வணக்கம் அம்மா. துவைக்கும் இயந்திரங்களையும் டிரையர்களையும் பிரித்து மாட்டும் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மூடியைக் கழற்றாமல் சொல்லப்படும் எந்த முடிவுக்கும் பணம் கொடுக்க வேண்டாம். பிழைக் குறியீடு என்பது போர்டு எழுதும் புகார் மனு. எந்தக் கம்பியிலிருந்து தனக்கு ஒவ்வாத அளவு வந்தது என்பதை மட்டுமே அது சொல்லும், அந்த அளவு ஏன் வந்தது என்பது அதற்குத் தெரியாது. அதிலும் ஒரே எழுத்தும் எண்ணும் ஒரு நிறுவனத்தில் ஒன்றையும் இன்னொரு நிறுவனத்தில் வேறொன்றையும் குறிக்கும். இணையத்தில் குறியீட்டை மட்டும் தேடி வரும் விளக்கத்தை, உங்கள் மாடலின் கையேட்டோடு ஒப்பிடாமல் நம்பக் கூடாது.

குறியீடு எப்போது வருகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். கையேடு சென்சார் என்று சொல்வது தெர்மிஸ்டர் என்ற சிறு உறுப்பு. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அதன் கம்பி அறுந்துபோனால் தடை அளவின்றி உயர்ந்து, எங்கும் இல்லாத கடுங்குளிராகப் போர்டுக்குத் தெரியும். இரு முனைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் தடை பூஜ்ஜியத்துக்கு இறங்கி, தாங்க முடியாத சூடாகத் தெரியும். இரண்டுமே வீட்டுக்குள் நடக்க முடியாதவை என்பதால், சென்சார் உண்மையிலேயே செத்துப்போன இயந்திரம் பெரும்பாலும் தொடக்கப் பொத்தானை அழுத்திய சில நொடிகளிலேயே குறியீட்டைக் காட்டிவிடும். உங்களுடையது பத்து நிமிடங்களுக்கு மேல் நன்றாக ஓடுகிறது. அப்படியானால், காற்று சரியாக வெளியேறாமல் உள்ளே உண்மையிலேயே சூடு மிஞ்சுகிறது. அல்லது குளிர்ந்திருக்கும்போது பற்றிக்கொண்டிருக்கும் ஏதோ ஓர் இணைப்பு, சூட்டிலும் அதிர்விலும் விட்டுப்போகிறது. போர்டின் மேல் சந்தேகம் கொள்வது இவ்விரண்டையும் பார்த்து முடித்த பிறகுதான்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இயந்திரம் முழுவதும் ஆறிய பிறகு மூடியைக் கழற்றி, தெர்மிஸ்டரின் கனெக்டரை உருவி, அதன் இரு முனைகளுக்கிடையே தடையை அளந்து பாருங்கள். இங்கேதான் நம் ஊரில் பலர் தடுமாறுகிறார்கள். பல நிறுவனங்கள் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் தெர்மிஸ்டரையே பயன்படுத்துகின்றன. வேறு அளவுள்ளவையும் உண்டு என்பதால் உங்கள் மாடலுக்கான அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சென்னையில் குளிர்சாதன அறையைத் தவிர 25 டிகிரி எங்கே இருக்கிறது? 30 டிகிரியில் அதே உறுப்பு ஏறக்குறைய 8 கிலோ ஓம் காட்டும். 35 டிகிரியில் ஆறரை. கத்திரி வெயிலில் 40 டிகிரி தொடும் பால்கனியில் ஐந்து சொச்சம். பத்து வரவில்லை என்பதற்காக நல்ல சென்சாரைத் தூக்கி எறிந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அறையின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, அதற்கு உரிய தடை வருகிறதா என்று ஒப்பிட வேண்டும்.

அடுத்து, மீட்டரை இணைத்த நிலையிலேயே தலைமுடி உலர்த்தியால் அந்த உறுப்பைச் சிறிது சிறிதாகச் சூடாக்குங்கள். எண் வழுக்கிக்கொண்டே இறங்கி, 60 டிகிரி அளவில் இரண்டரை கிலோ ஓம் பக்கம் வந்தால் அது நலமாக இருக்கிறது. இடையில் எண் துள்ளினாலோ திடீரென்று மறைந்தாலோ மாற்றத்தான் வேண்டும். பிறகு போர்டுப் பக்கக் கனெக்டரை உருவி, அங்கிருந்து சென்சார் வரை செல்லும் கம்பியையும் ஆட்டி ஆட்டி அளந்து பாருங்கள். திருவான்மியூர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டில் பல மாதங்கள் சும்மா நிற்கும் இயந்திரத்தின் கனெக்டர்களில் கடற்காற்று பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். கழற்றி மாட்டினாலே சில நாள் சரியாகும், கான்டாக்ட் கிளீனர் அடித்து மென்மையான தூரிகையால் துடைத்தால் நிலைக்கும். போர்டின் மேல் பல்லி எச்சமோ கரப்பான் பூச்சிகளின் கூட்டமோ இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குறியீடுகள் மாறி மாறி வருவதற்கு அதுவும் காரணமாவது உண்டு.

இவற்றையெல்லாம்விட எளிய சோதனை ஒன்று இருக்கிறது. காற்றுக் குழாயை இயந்திரத்தின் பின்புறத்திலிருந்து கழற்றிவிட்டு, பால்கனிக் கதவுகளைத் திறந்து வைத்து, அருகிலேயே நின்று ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். குறியீடு வராவிட்டால் கோளாறு இயந்திரத்துக்கு வெளியேதான் இருக்கிறது. குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லையே?


மறுமொழி: அடுக்ககம்7 (வேளச்சேரி)

மேலே சொன்னவற்றோடு ஓரிரு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். டிரையர் பழுது குறித்து யூடியூபில் கிடைக்கும் காணொளிகளில் பல அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அங்கு வீட்டுக்கு வரும் மின்சாரம் 120 வோல்ட் கொண்ட இரண்டு பகுதிகளாகப் பிரிந்து வருகிறது. மோட்டார் அவற்றுள் ஒன்றிலும் ஹீட்டர் இரண்டும் சேர்ந்த 240 வோல்ட்டிலும் ஓடுவதால், ஒரு பகுதி போய்விட்டால் டிரம் சுற்றும், சூடு வராது. அதற்கென்றே தனிக் குறியீடுகளை அங்குள்ள மாடல்களில் வைத்திருக்கிறார்கள். நம்முடையது 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ். பிரேக்கர் பெட்டியில் ஒரு பாதி விழுந்திருக்கிறதா பாருங்கள் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு இங்கே தேடினால் எதுவும் அகப்படாது.

நம்மிடம் வேறு விதமான மின்சாரச் சிக்கல் உண்டு. மழைக்காலத்து மாலைகளில் எங்கள் அடுக்ககத்தில் மின்னழுத்தம் 190 வரை இறங்குகிறது. 2000 வாட் ஹீட்டர் 190 வோல்ட்டில் ஏறத்தாழ 1365 வாட் சூட்டைத்தான் தரும், ஏனெனில் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. எதிர்பார்த்த நேரத்தில் சூடு ஏறவில்லை என்பதையும் சில மாடல்கள் வெப்பநிலைக் கோளாறு என்றே எழுதிவிடும். அந்த ஹீட்டர் ஒன்பது ஆம்பியரை ஒட்டி மின்சாரம் இழுக்கும் என்பதால், 16 ஆம்பியர் சாக்கெட்டைத் தவிர வேறு எதிலும், குறிப்பாக எக்ஸ்டென்ஷன் பெட்டியில், அதைச் செருகவே கூடாது. பிளக்கின் முள் கறுத்திருந்தால் சாக்கெட்டை முதலில் மாற்றுங்கள்.

ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு. தெர்மிஸ்டரின் விலை போர்டின் விலையில் சிறு பங்குதான். இவ்வளவு அளந்துகொண்டிருப்பதைவிட, புதியதை வாங்கி மாட்டிவிட்டுப் பார்ப்பதே எளிதல்லவா?


மறுமொழி: பழுதுப்பட்டறை (வில்லிவாக்கம்)

விலை குறைவு என்பது மாற்றுவதற்குக் காரணம் ஆகாது, நண்பரே. புதிய சென்சார் மாட்டிய அன்று கனெக்டர் அசைந்து தற்காலிகமாகச் சரியாகும். சென்சார்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருப்போம். அடுத்த வாரம் அதே குறியீடு வந்ததும், சென்சாரும் மாற்றியாகிவிட்டது, இனிப் போர்டுதான் என்ற முடிவுக்குத் தள்ளப்படுவோம். மேலும், அடைப்பினால் உண்மையிலேயே சூடு மிஞ்சிக்கொண்டிருந்தால், அதைக் கண்டு சொன்ன சென்சாரை மாற்றுவதால் என்ன பயன்? பஞ்சு சேர்ந்த இடத்தில் ஹீட்டர் சூடு தங்குவது விளையாட்டன்று. ஹீட்டர் கம்பியில் பஞ்சு பட்டுத் தீப்பற்றக்கூடும் என்று கண்டறியப்பட்டு, 2015 ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டனில் இலட்சக்கணக்கான டிரையர்களுக்கு எச்சரிக்கை விடுத்துத் திருத்த வேண்டியதாயிற்று. மின்னழுத்தம் குறித்து நீங்கள் எழுதியது சரிதான். அந்த அம்மாவின் வீட்டில் சூடு வருகிறது என்பதால் அதை நான் எடுக்கவில்லை.


மறுமொழி: கடற்கரைவாசி (திருவான்மியூர்)

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்ன வரிசையிலேயே தம்பி சோதித்தான். அறை வெப்பநிலை 30 டிகிரிக்குச் சற்று மேல் இருந்தபோது தெர்மிஸ்டர் ஏழரைக் கிலோ ஓம் காட்டியது. சூடாக்கியதும் தடுமாறாமல் இறங்கியது. கனெக்டரில் இலேசாகக் களிம்பு இருந்தது, துடைத்துவிட்டான். போர்டில் பூச்சி எதுவும் இல்லை. சாக்கெட்டும் நன்றாகவே இருக்கிறது.

குழாயைக் கழற்றி ஓட்டியபோது குறியீடு வரவே இல்லை, முழு நேரமும் ஓடி முடிந்தது. அதன் பிறகுதான் குழாயின் மறுமுனையைப் போய்ப் பார்த்தோம். கோடையில் வீடு முழுவதற்கும் கொசுவலை அடிக்க வந்தவர்கள், யூட்டிலிட்டி பால்கனியின் கிரில்லுக்கு வெளிப்பக்கம் முழுவதையும் ஒரே துண்டாக மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள், குழாயின் வாயையும் சேர்த்து. உள்ளிருந்து பார்த்தால் வலை இருப்பதே தெரியாது. அந்த இடத்தில் மட்டும் பஞ்சு படிந்து, ஈரத்தில் ஊறிக் கம்பளித் துணி போல் தடித்துக் கிடந்தது. வலையில் குழாயின் அளவுக்கு வட்டமாக வெட்டிவிட்டு, இயந்திரம் ஓடாதபோது கொசு நுழையாதிருக்க, காற்று தள்ளும்போது திறந்து, காற்று நின்றதும் மூடிக்கொள்ளும் தட்டு ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். அதுமுதல் வெப்பநிலைக் குறியீடு வரவில்லை.

இன்னும் இரண்டு தொல்லைகள் மிச்சம் இருக்கின்றன. கதவுக் குறியீடு அரிதாகவேனும் வருகிறது, பெரும்பாலும் படுக்கை விரிப்புகள் போடும்போது. அத்துடன், தானாக ஈரம் அறிந்து நிற்கும் முறையில் போட்டால், சீருடைக் காற்சட்டையின் இடுப்புப் பட்டை ஈரமாக இருக்கும்போதே வேலை முடிந்தது என்று நின்றுவிடுகிறது. இதற்குக் குறியீடு எதுவும் இல்லை.


மறுமொழி: நெய்தல் (கொட்டிவாக்கம்)

கடைசியாகக் கேட்டதற்கு நான் பதில் சொல்ல முடியும், ஏனெனில் எங்கள் பகுதியில் அனைவருக்கும் உள்ள தொல்லை அது. டிரம்முக்கு முன்னால், ஃபில்டருக்கு அருகில், இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத் துணி அவற்றின் மேல் உரசும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சிறிது மின்சாரம் பாயும். அது குறையக் குறையத் துணி உலர்கிறது என்று இயந்திரம் கணக்கிடும். போர்வெல் தண்ணீரின் உப்பும் துணி மென்மையாக்கியின் மெழுகும் அந்தப் பட்டைகளில் மெல்லிய படலமாகப் படிந்துவிட்டால் மின்சாரம் பாயாது. இயந்திரம் ஈரத் துணியையே உலர்ந்தது என்று நினைத்து நிறுத்திவிடும். பட்டை முழுவதும் செயலிழந்தால்தான் சில மாடல்கள் குறியீடு காட்டும், படலம் படிந்த நிலையை அவை கண்டுகொள்வதில்லை. ஒரு துணியில் வெள்ளை வினிகரைத் தொட்டு அழுத்தித் துடைத்து, பிறகு வெறும் ஈரத் துணியால் துடைத்து உலரவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைப் பயன்படுத்தாதீர்கள்.

இதற்கு நேரெதிரானதும் நடக்கும். உப்பு மிகுந்த தண்ணீரில் அலசிய துணி, கிட்டத்தட்ட உலர்ந்த பிறகும் நன்றாகவே மின்சாரத்தைக் கடத்தும். பட்டை சுத்தமாக இருந்தால் இயந்திரம் இன்னும் ஈரம் இருப்பதாக எண்ணித் துணி முறுகும் வரை ஓட்டும். கடைசி அலசலை மெட்ரோ தண்ணீரில் வைத்துக்கொண்டால் இது குறையும். சில மாடல்களில் தண்ணீரின் தன்மைக்கு ஏற்ப இந்த அளவைத் திருத்திக்கொள்ளும் அமைப்பும் உண்டு, கையேட்டில் தேடிப் பாருங்கள். இடுப்புப் பட்டையைப் பொறுத்தவரை, தடித்த சீருடைகளையும் மெல்லிய சட்டைகளையும் ஒன்றாகப் போட்டால் உலோகப் பட்டைகளில் உரசுவது பெரும்பாலும் சட்டைதான் என்பதால், இரண்டையும் பிரித்துப் போடுவதே நல்லது.


மறுமொழி: பழுதுப்பட்டறை (வில்லிவாக்கம்)

கொசுவலை என்று படித்ததும் சிரித்துவிட்டேன் அம்மா. கொசுவுக்குப் பயந்தே பாதி சென்னையின் டிரையர்கள் மூச்சு முட்டுகின்றன. பால்கனியைக் கண்ணாடிச் சாளரங்களால் முழுவதும் மூடிவிட்டு, குழாயே வைக்காமல் உள்ளேயே ஈரக்காற்றை ஊதவிடுபவர்களுக்கும் இதே குறியீடு வரும். தான் வெளியேற்றிய காற்றையே இயந்திரம் மறுபடி இழுத்துக்கொண்டிருக்கும். குழாய் இல்லாத ஹீட் பம்ப் வகைக்கும் விதிவிலக்கு இல்லை. அவற்றுள் பல, 35 டிகிரி வரையுள்ள அறைக்கென்று வடிவமைக்கப்பட்டவை. மே மாதப் பகலில் மூடிய பால்கனியில் ஓட்டினால் கம்ப்ரஸர் சூடேறி நிற்கத்தான் செய்யும்.

கதவுக் குறியீட்டுக்கு வருகிறேன். பெரும்பாலும் பெரிய விரிப்புகள் போடும்போது வருவதால் போர்டு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. விரிப்பு பந்து போல் உருண்டு கதவை உள்ளிருந்து முட்டும்போது, கொக்கி சற்றே பின்வாங்கி உள்ளே இருக்கும் சிறு சுவிட்சை விட்டுவிடுகிறது. கொக்கி நுழையும் துளையில் சேர்ந்திருக்கும் பஞ்சை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிய நிலையில் மீட்டரைத் தொடர்ச்சி ஒலிக்கு (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலைக்கு) வைத்துச் சுவிட்சின் இரு முனைகளில் பிடித்து, கதவைச் சாத்தி உள்ளிருந்து தள்ளுவது போல் இலேசாக இழுத்துப் பாருங்கள். ஒலி விட்டு விட்டு வந்தால் கொக்கியையும் சுவிட்சையும் சேர்த்தே மாற்றுங்கள். விரிப்பை ஒவ்வொன்றாகப் போடுவதும் உதவும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாள் அடைப்போடு ஓடியதால் சூடு மிஞ்சினால் ஹீட்டருக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு கட்-ஆஃப் சோர்ந்திருக்கலாம். என்றாவது டிரம் மட்டும் சுற்றிச் சூடு வராமல் போனால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும் அது துண்டித்துக்கொள்ளக்கூடும், ஏனெனில் விசிறி நின்றுவிட, ஹீட்டரின் சூடு போக வழியின்றி உள்ளேயே தங்கிவிடுகிறது. சில மாடல்களில் அதை மீட்கப் பின்புறம் ஒரு சிறு பொத்தான் இருக்கும். சிலவற்றில் ஒரு முறை போனால் புதியதுதான். அப்போது வரும் பணியாளர் கட்-ஆஃபைத் தாண்டி இரு கம்பிகளையும் நேரடியாக முறுக்கி இணைத்து ஓட்டிக் காட்டினால், கையோடு அதைப் பிரிக்கச் சொல்லி, அதே டிகிரி அளவு அச்சிட்ட புதிய கட்-ஆஃபைப் போடச் சொல்லுங்கள். கிடைக்கும் வரை இயந்திரத்தை ஓட்ட வேண்டாம்.